குரல் இருந்த டிரைவ்

லிப்ட்காரருக்குக் காது நல்ல காது. எட்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணை மூடி நின்றால் போதும், உச்சியில் மோட்டார் அறைக்குள் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த பிரேக் கட்டை உரசுகிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக ஒரு லிப்ட் அவர் பொறுப்புக்கு வந்தால் முதல் வேலையாக அதன் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். ஆறு மாதம் கழித்து மறுபடி பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கிண்டலாக ‘டாக்டர்’ என்றார்கள். நாடி பிடித்துப் பார்க்கிறாராம்.

அப்படிப்பட்ட காது ஐந்து வருஷமாக ஒரு பேச்சுக்கு மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது. ‘தம்பி’ என்ற சொல் அந்த வீட்டில் காதில் விழக்கூடாது. மனைவியும் வாய் தவறிச் சொல்ல வந்தால் பாதியில் முழுங்கிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வானம் மூடிக்கொண்டு, பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்குப் போன் வந்தது. பேரைப் பார்த்ததும் அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“யாரு?”

“உங்க தம்பி பொண்டாட்டி.”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நம்பர் மாத்திப் போட்டுட்டாளா?”

“விளையாடாதீங்க. தம்பிக்குத் தொண்டையில ஆபரேஷன். நாலு மாசம் ஆயிடுச்சாம். கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துட்டாங்களாம்.”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“இப்ப எப்படி இருக்கான்?”

“உயிருக்குப் பயமில்லையாம். கழுத்துல ஓட்டை போட்டிருக்காங்க, அது வழியாத்தான் மூச்சு. பேச்சு வராது. இனிமே வரவே வராது. எல்லாம் எழுதித்தான் காட்டறாராம்.”

இந்த இடத்தில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பிழைப்பே குரல்தான். பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பாளன். ஏழாம் நடைமேடையில் பஸ் நிற்கிறது என்று அவன் சொன்னால், ஏதோ நல்ல சேதி வந்துவிட்டது போல ஜனங்கள் எழுந்திருப்பார்கள். அவன் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் உண்டு என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன் அண்ணன் வீட்டில்தான் இருந்தான். பயிற்சிக்கு அவன் கண்டுபிடித்த இடம் துணி அலமாரி. தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டால் தெருச் சத்தம் வராது, எதிரொலியும் கிடையாது. அண்ணன் வெளியே தரையில் உட்கார்ந்து பதிவு பொத்தானை அழுத்துவார். “மூணாவது வரியில மூச்சு கேக்குது. இன்னொரு தடவை படி,” என்பார். மோட்டாரைக் கேட்கிற அதே காதால் தம்பியைக் கேட்டார். அந்தப் பதிவுகளும் லிப்ட் சத்தங்களும் கம்ப்யூட்டரில் செருகிவைத்த ஒரே கறுப்பு டிரைவில் போய்ச் சேர்ந்தன.

மனைவி எதிரே உட்கார்ந்தாள். “பழைய ரெக்கார்டிங் இருந்தா, அதே குரல்ல போன் பேசற மாதிரி செஞ்சு தருவாங்களாம். இவர் எழுத எழுத அது பேசுமாம். தெளிவா அரை மணி நேரம் வேணுமாம். பஸ் ஸ்டாண்டுல கேட்டிருக்காங்க, புது மெஷின் வந்தப்பவே பழசையெல்லாம் தூக்கிட்டாங்களாம். அவர் பழைய போனும் தொலைஞ்சு போச்சு. ‘அத்தான் வீட்டுல கறுப்பு டிரைவ் ஒண்ணு இருக்குமே அக்கா, அதுல எல்லாம் இருக்குமே’ன்னு கேக்கறா. கேக்கவே கூச்சப்பட்டா. குழந்தைக்கு நாலு வயசு. ‘அப்பா எப்ப மறுபடியும் கதை சொல்லுவாரு’ன்னு தினம் நச்சரிக்குதாம்.”

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை மூடாமல் ரொம்ப நேரம் நின்றார்.

“இருக்குல்ல?” என்றாள் அவள் பின்னாலிருந்து.

“டிரைவ் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அதை நான் அழிச்சிட்டேன்.”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, நான்கு மாடித் துணிக்கடை ஒன்றின் லிப்டை அவர் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மறுநாள் தம்பிக்கு, பஸ் நிலைய வேலையை நிரந்தரமாக்குகிற குரல் தேர்வு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அவனுக்குப் பதிவு செய்து கொடுத்தார். கடைப் பதிவேட்டில், பார்த்ததாகப் பிற்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து அந்த லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே குலுங்கி நின்றது. உள்ளே இருந்த வயதான ஒருவருக்குக் கை முறிந்தது. விசாரணை வைத்தார்கள். ‘என்னைக் கடை வாசல்ல இறக்கி விட்டதே என் தம்பிதான், வேணும்னா அவனைக் கேளுங்க’ என்று விசாரணையில் சொல்லிவிட்டார். தம்பி தனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டானா என்ன.

பயம் மட்டும் விடவில்லை. அந்த நாள் பதிவு டிரைவில் தேதியோடு கிடக்கிறதே. சும்மா அழித்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள், அடியோடு துடைக்கிற மென்பொருள் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இறக்கினார். ‘அழித்த பிறகு எதையும் மீட்க முடியாது, தொடரலாமா?’ என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லி முடித்தார்.

“என்னைக்கு இது?”

“அவனை விசாரணைக்குக் கூப்பிட்டதுக்கு முந்தின வாரம். அவன் சாப்பிட வந்திருந்தானே, அன்னைக்கு.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. “அடுப்படியில நின்னு ரேடியோக்காரன் மாதிரி பேசி என்னைச் சிரிக்க வெச்சானே, அன்னைக்கா? அவன் அங்க சிரிச்சிக்கிட்டு இருக்கறப்ப, நீங்க உள்ள உக்காந்து அவனைத் துடைச்சிக்கிட்டு இருந்தீங்களா?”

“அந்தச் சிரிப்புதான் கேட்டுச்சு. முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டிச்சு. தாங்க முடியல. ஒயரைப் பிடுங்கிட்டேன்.”

அதற்கப்புறம் செருகிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் அந்த டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை மேசை இழுப்பறையில் போட்டார். அடுத்த வாரம் விசாரணையில் தம்பியைக் கேட்டார்கள். “அண்ணன் அன்னைக்கு என்கூட வீட்டுலதான் இருந்தார்,” என்று, ஏழாம் நடைமேடையை அறிவிக்கிற அதே தெளிவோடு சொல்லிவிட்டான். ஒரு வருஷம் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். “என் வாசப்படி ஏறாதே,” என்று அவர் சொன்னார். அவன் ஏறவில்லை.

மனைவி இழுப்பறையைக் குடைந்து டிரைவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். “செருகுங்க.”

விளக்கு எரிந்தது. உள்ளே லேசாகச் சுழல்கிற சத்தம். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். “ஓட்டத்துல கோளாறு இல்ல,” என்றார். ஆனால் கோப்புகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இந்த டிரைவ் வெறுமையாக இருக்கிறது, பயன்படுத்துமுன் தயார் செய்ய வேண்டும், சரியா என்று மட்டும் ஒரு பெட்டி வந்து கேட்டது. அவர் கை மவுசுக்குப் போனது. மனைவி பட்டென்று தட்டிவிட்டாள்.

“அது கேட்டா உடனே சரின்னு சொல்லிடறதா? ஒரு தடவை சொன்னது பத்தாதா?”

மறுநாள் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி, அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிற டேட்டாக்காவின் கடைக்குக் கொண்டு போனார். மூன்றாவது மாடி. ஜெராக்ஸ் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே குறுகலான ஓர் அறை. லிப்ட் இல்லாத கட்டடம். டேட்டாக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். போட்டோ போய்விட்டது, பாடம் போய்விட்டது என்று ஓடி வருகிற கல்லூரிப் பெண்கள் வைத்த பேர் அது. நெற்றியில் ஒரு கண்ணாடி, கண்ணில் ஒரு கண்ணாடி. டிரைவை வாங்கியவள் முதலில் கேட்டது இதைத்தான்:

“தயார் பண்ணவான்னு கேட்டுச்சே, சரி கொடுத்தீங்களா சார்?”

“இல்லம்மா.”

“ஃபார்மட்?”

“இல்ல.”

“மீட்டுத் தர்ற புரோகிராம்னு எதையாவது அதுக்குள்ளயே இறக்கினீங்களா?”

“அஞ்சு வருஷமா தொடவே இல்ல.”

“நல்ல காரியம் பண்ணீங்க. பாதிப் பேரு பயத்துல எதையாவது அழுத்தி மிச்சத்தையும் தொலைச்சிட்டு வருவாங்க.” டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எத்தனை சதவீதத்துல பிடுங்கினீங்க?”

சொன்னார். அவள் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

“சுவத்துக்கு வெள்ளை அடிக்கறவங்க ஒரு மூலையில இருந்துதானே ஆரம்பிப்பாங்க? இதுவும் அப்படித்தான் சார். முன்னாடி இருந்து அடிச்சிக்கிட்டே வந்திருக்கு. அடிச்ச இடம் போனது போனதுதான், நான் இல்ல, யாரு வந்தாலும் எடுக்க முடியாது. எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை வாசல்லயே இருக்கும், அது முதல்ல போயிடும். அதனாலதான் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா அடிக்காத சுவத்துல இருக்கறது அப்படியே இருக்கலாம். பேரு இருக்காது, தேதி இருக்காது. வெறும் நம்பரா வரும். நீங்கதான் எது எதுன்னு அடையாளம் சொல்லணும்.”

“முன்னாடின்னா பழசா, புதுசா?”

“பெரும்பாலும் பழசு.”

பழசு என்றால் தம்பி வீட்டுக்கு வந்த புதிது. மீசை அரும்பிய வயதில் முதன்முதலாக அலமாரிக்குள் உட்கார்ந்து, வெட்கத்தில் குரல் உடைந்து உடைந்து படித்தது. 

டேட்டாக்கா டிரைவில் நேராகக் கை வைக்கவில்லை. அதில் எதையும் எழுத முடியாதபடி தடுத்துவிட்டு, முதலில் அப்படியே இன்னொரு டிரைவுக்குப் பிரதி எடுத்தாள். ஒயரைப் பிடுங்கிய இடத்தில் பிரதி திணறி நின்றது. அங்கே மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போனாள், பிறகு பின்பக்கமிருந்து திரும்பி வந்தாள். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் லிப்ட்காரர் வேலைக்கு நடுவே நாலு தடவை போன் போட்டார். “அரிசி வேகுதான்னு மூடியைத் திறந்து திறந்து பார்த்தா சீக்கிரம் வெந்துடுமா சார்?” என்று அவள் சிரித்தாள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். ஒலிக் கோப்புகள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம். வரிசை வரிசையாக எண்கள். ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு, ஒரு முக்காலியைக் காட்டினாள்.

முதல் கோப்பைத் திறந்தார். ஒரு மோட்டார் ஓடியது. இரண்டாவதும் மோட்டார். மூன்றாவது, கதவு இழுபடும் சத்தம். வங்கிக் கட்டடத்து இடது லிப்ட், ரோலரில் மணல் ஏறியிருந்த சமயம். நாலாவது மருத்துவமனை. பேர் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இப்போது ஒவ்வொரு மோட்டாரும் வழியில் குறுக்கே நின்றது. மூன்று சாயங்காலம் அப்படியே உட்கார்ந்து கேட்டார். டேட்டாக்கா இடையிடையே டீயும் பன்னும் கொண்டு வந்து வைத்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. நானூறு தாண்டியும் தம்பி வரவில்லை. எங்கேயோ ஒரு கோப்பில் இரண்டு நொடி இருமல் சத்தம் வந்தது. அது அவனுடையதா, தன்னுடையதா என்று இருபது தடவை போட்டுக் கேட்டார். தெரியவில்லை. தம்பியின் இருமலை மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நாளைக்குப் பார்க்கலாமே சார்,” என்றாள் அவள்.

“இன்னும் கொஞ்சம்தான்மா.”

ஐந்நூற்றுப் பதினெட்டாவது கோப்பு. துணி உரசும் சத்தம். ஸ்டூல் நகர்ந்தது. அப்புறம், காதுக்குள் யாரோ விளக்கேற்றின மாதிரி, அவன்.

“புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி. அண்ணே, அழுத்திட்டியா? சரி. பயணிகள் கவனத்திற்கு...”

லிப்ட்காரர் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடைமேடை, நேரம், ஊர்ப் பேர், மறுபடி நடைமேடை. அவன் தப்பாகப் படித்துவிட்டுச் சிரித்தான். அவர் திருத்தினார். அவன் வேண்டுமென்றே மறுபடி தப்பாகப் படித்தான். இருவரும் சிரித்தார்கள். தன் சிரிப்பு இவ்வளவு இளமையாக இருந்ததா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நாற்பத்து மூன்று நிமிஷப் பதிவு. முப்பத்து ஒன்றாவது நிமிஷத்தில் ஒரு போன் மணி. அப்புறம் அவருடைய குரல்:

“ஆங், வணக்கம் சார். பார்த்தாச்சே. காலையிலயே வந்து பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு, கவலையே படாதீங்க.”

போனைக் கீழே வைக்கிற சத்தம். அலமாரிக்குள்ளிருந்து தம்பி: “என்னண்ணே, நீ எங்க போன? பார்க்கவே இல்லையே?”

“நாளைக்குப் பார்த்துக்கலாம்டா. நீ படி.”

“போயிட்டு வந்துடேன். நான் எங்க ஓடிடப் போறேன்?”

“படிடா.”

எதற்காகத் துடைக்க உட்கார்ந்தாரோ அது ஒன்றுதான் முழுசாகத் தப்பியிருந்தது. தம்பியின் பதிவுகளில் கடைசியாக எழுதினது, அதனால் பின்பக்கம் இருந்தது. முன்னால் இருந்த ஏழெட்டு வருஷக் குரலும் போய்விட்டது. மீதிக் கோப்புகளையும் விடாமல் கேட்டார். அரையும் குறையுமாக இன்னும் இரண்டு துண்டு கிடைத்தன, அவ்வளவுதான்.

டேட்டாக்கா சரிபார்க்க ஒரு தடவை முழுக்கக் கேட்டாள். போன் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தபடி சொன்னாள்: “நடுவுல வர்ற போன் பேச்சை வெட்டிட்டுத் தரவா சார்? குரல் செய்யறதுக்கு எப்படியும் அவர் பேசினது மட்டும்தான் வேணும்.”

அவர் யோசித்தார். வெட்டிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

“குரல் செய்யறவங்களுக்கு அவன் பேசினதைத் தனியா எடுத்துக் குடும்மா. அவனுக்கு முழுசா போடு.”

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினார். மனைவியும் வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டார். பஸ் நிலையத்தில் புது மெஷின் அறிவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகப் பொறுக்கி ஒட்டின மாதிரி. யாரும் தலை நிமிரவில்லை. மெஷின் வந்தபின் தம்பி குடிபோன ஊருக்கு மூன்று மணி நேரப் பயணம். பையை மடியில் வைத்து, கையை அதன்மேல் வைத்தபடியே போனார்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். “வாங்க அத்தான்,” என்று ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே தம்பி எழுந்து நின்றான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. உடம்பு பாதியாகியிருந்தது. வாய் ‘அண்ணே’ என்று அசைந்தது. சத்தம் இல்லை, துணிக்கடியில் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. அந்த நல்ல காதுக்கு அதுவும் கேட்டது. அவரால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தோளைத் தொட்டார். எலும்பு தட்டுப்பட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். துடைத்ததை, ஏன் துடைத்தார் என்பதை, எவ்வளவு போனது என்பதை. தம்பி மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். பேனா அசையவில்லை.

கம்ப்யூட்டரில் போட்டார்கள். “பயணிகள் கவனத்திற்கு” என்று ஆரம்பித்ததும் பின்கட்டிலிருந்து “அப்பா!” என்று கத்திக்கொண்டு குழந்தை ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிப்பு வருகிற இடத்தில் தம்பியும் சிரித்தான். கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் அசைந்தது.

போன் மணி ஒலித்தபோது, என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தக் கையை நீட்டினான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடட்டும்டா.”

ஓடியது. “எல்லாம் சரியா இருக்கு, கவலையே படாதீங்க.” அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். “நீ சொன்னதுதான் நிஜம். நான்தான்...” என்றார். பேச்சு வருகிறவருக்கும் அன்றைக்கு வரவில்லை.

பதிவு முடிந்தது. தம்பி நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் காட்டினான்.

‘மீதி?’

“போச்சுடா. எல்லாம் போச்சு.”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வெளியே யாரோ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதையே பார்த்தான். லிப்ட்காரர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தான் என்று சொல்வதற்கில்லை. ரொம்ப நேரம் கழித்து நோட்டை மடியில் இழுத்து எழுதினான்: ‘சாப்பிட்டியா?’

இல்லை என்று தலையாட்டினார். தம்பி தன் மனைவியைப் பார்த்து இலேசாகக் கையைக் காட்டினான். அவள் அடுப்படிக்குப் போனாள்.

மூன்று மாதம் ஓடியது. நடுவில் இரண்டு தடவை மனைவியோடு போய்விட்டு வந்தார். வெளிப்படையாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. குழந்தை அவரைப் பெரியப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். குரல் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். லிப்ட்காரர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, லிப்டின் கூரைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுத்தார்.

“அண்ணே.”

அவன் குரல். அசலாக அவன் குரல். கீழே இருட்டில் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுடா,” என்றார்.

பதில் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்தினார். அறவில்லை. அந்தப் பக்கம் விரல் நுனி கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று. தப்பாகத் தட்டிவிட்டான் போல, அழித்துவிட்டு மறுபடி தட்டினான். மூச்சுச் சத்தமும் கேட்டது, கழுத்திலிருந்து வருகிற மூச்சு. குரலில்தான் மூச்சே இல்லை, மூச்சு தனியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்க அவர் காதுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மேலே யாரோ பொத்தானை அழுத்தி, “லிப்ட் என்னாச்சு?” என்று கத்தினார்கள். தட்டுகிற சத்தம் நின்று குரல் வரட்டும் என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.